கொம்பு வைத்த ஈ

கணினியில் ஆங்கிலத்தில் ‘கஃபே’ என்று அடித்தால் இப்போது அதுவே கடைசி ‘ஈ’ எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோட்டைப் போட்டுவிடுகிறது. ‘கிளீஷே’ என்று அடித்தாலும் அப்படியே. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களுக்கு அவற்றின் பழைய நகையைப் பூட்டி அனுப்பும் வேலையை இயந்திரமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ‘ரெஸ்யூமே’ என்ற சொல்லை மட்டும் அது தொடுவதில்லை. நாம் அடித்தபடியே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அது ஏன் ஒதுங்குகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாகத் தடுக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் பாதியில் குடியிருந்தோம். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். அம்மா பக்கத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. முன்னறையில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு கட்டிலும் ஒரு மேசையும் நிறையப் புத்தகங்களுமாக இருந்தார்.

மாமா படித்தது வணிகவியல். பிடித்தது ஆங்கிலம். அதிலும் ஆங்கிலத்துக்குள் விருந்தாளியாக வந்து தங்கிவிட்ட பிரெஞ்சுச் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். ஒருமுறை எங்கள் சர்ச் ஆண்டுவிழாவின் பாட்டுக் கச்சேரிக்கு அழைப்பிதழ் எழுதித் தரச் சொன்னார்கள். மாமா அதை, மாலைநேர நிகழ்ச்சிக்கான பிரெஞ்சுச் சொல்லால் ‘ஸ்வாரே’ என்று எழுதி, உரிய இடத்தில் கோடும் போட்டுக் கொடுத்தார். அச்சடித்தவர்கள் அந்தக் கோட்டை மைத்துளி என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். மாமா அழைப்பிதழ் கட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் பேனாவால் கோடு போட்டார். அன்று மாலை ஜெபக்கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அந்தக் கோட்டுக்கு நான் வைத்த பெயர் கொம்பு. தமிழிலும் எழுத்துக்குக் கொம்பு இருந்தது, பள்ளியில் படித்த கன்னடத்திலும் இருந்தது, ஆங்கிலத்துக்கும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம். மாமாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய் அவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார். அம்மாவுக்கு மட்டும் எரிச்சல்.

“இங்கிலீஷுக்குக் கொம்பெல்லாம் கெடையாதுடா. நான் இத்தன வருஷமா கொம்பில்லாமத்தான் சொல்லிக் குடுக்கறேன், பசங்க பாஸாகுதுங்க” என்பார்.

“அக்கா, கொம்பு இல்லாட்டி அது ரிஸ்யூம். ரெஸ்யூமே இல்ல. அர்த்தமே மாறிடும்” என்பார் மாமா.

அவர் சொன்னது சரிதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வது ரிஸ்யூம். வேலை தேடுகிறவர் தன் படிப்பையும் அனுபவத்தையும் எழுதிக் கொடுக்கும் தாள் ரெஸ்யூமே. ஒலிதான் வேறு, ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே. தலையில் கோடு இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் எது எது என்று பிரிக்க முடியும். இந்த வேறுபாடு எங்கள் தெருவிலேயே மாமாவுக்குத்தான் மிக நன்றாகத் தெரிந்திருந்தது. நடந்ததை நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரியமே கடைசியில் அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக் கட்டடங்களில் கணினிக் கம்பெனிகள் நிறைந்த வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு மருத்துவமனைகளின் நர்சுகளுக்காகக் கணினியில் படிக்கும் பாடங்களைத் தயாரித்து வந்தது. அந்தப் பாடங்களின் ஆங்கிலத்தைச் சீர்பார்க்கும் வேலை. காலையில் கம்பெனி வண்டி காக்ஸ் டவுன் முனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டையோடு மாமா தெருவில் நடப்பதைப் பார்க்க எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே விவேக் நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா வைட்ஃபீல்ட் என்ற ஊரின் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை சேர்ந்துகொள்ளும்.

நிச்சயத்தைப் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா, அம்மா, நான் மூவரும் விவேக் நகருக்குப் போனோம். மாப்பிள்ளை வரக் கூடாது என்பது முறை. தவிர மாமாவுக்கு அன்று வேலையும் இருந்தது. திங்கட்கிழமை காலை வெளிநாட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய பாடத்தொகுப்பு ஒன்றை ஆபீஸ் லேப்டாப்பில் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். அதில் ஒரு பாடம் நர்சுகள் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பது. ரெஸ்யூமே என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது, எல்லாம் கொம்பில்லாமல். மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மனம் பாதி விவேக் நகரில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமையில்லாமல், கொம்பில்லாததை எல்லாம் தேடிக் கொம்புள்ளதாக மாற்று என்று கணினிக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டார். கணினி சொன்னதைச் செய்தது. அந்தப் பாடத்தில் மட்டுமல்ல, தொகுப்பு முழுவதிலும்.

விளைவு இப்படி ஆயிற்று. பாதியில் நிறுத்திய பாடத்தைத் தொடர்வதற்கு இருந்த பொத்தான்கள் எல்லாம் வேலை தேடும் தாள்களாக மாறிவிட்டன. அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அனுமதித்ததும் நோயாளிக்கு உணவு கொடுப்பதைத் தொடரவும் என்று இருந்த இடத்தில் உணவு கொடுப்பதை ரெஸ்யூமே செய்யவும் என்று வந்துவிட்டது. மாத்திரையைத் தொடரச் சொன்ன இடங்களிலும் அதே கதி. படித்த நர்சுகள் இது என்ன புது வைத்தியம் என்று கேட்டுப் படம் பிடித்து அனுப்பினார்கள். அவர்களுடைய மருத்துவமனை, இனி இந்தக் கம்பெனியை நம்பிப் பாடம் வாங்கலாமா என்று கேட்டு எழுதியது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது தெரிந்தது, மாமா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும், அம்மா கேட்டதற்கு “ஆபீஸ்ல கொஞ்சம் டென்ஷன், அவ்ளோதான்” என்று சொன்னார் என்பதும் மட்டுமே.

வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்ததும் மாமா என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். வழக்கமாக இருட்டிய பிறகு வருகிறவர் அன்று சீக்கிரமே வந்திருந்தார். மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. அதில் தனியாக ஒரு பெரிய கீபோர்டைச் செருகியிருந்தார்.

“கொம்பு போடக் கத்துக்கறியா?” என்றார்.

அதுவரை அந்த லேப்டாப்பின் பக்கத்தில் பிஸ்கட்டோடு போனாலே விரட்டியவர். எனக்குக் கசக்குமா? ஆல்ட் என்று எழுதிய பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே, வலது ஓரத்தில் தனியாக இருக்கும் எண்களில் பூஜ்யம், இரண்டு, மூன்று, மூன்று என்று தட்ட வேண்டும். தட்டி முடித்து விரலை எடுத்தால் திரையில் கொம்பு வைத்த ஈ ஒன்று வந்து உட்காரும். மேல் வரிசை எண்களைத் தட்டினால் வராது. முதல்முறை அது வந்தபோது நான் கத்திய கத்தில் அம்மா கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார். மாமா குழந்தையோடு விளையாடுகிறார் என்று கண்டு, அவர் டென்ஷன் தீர்ந்தது என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

பிறகு தேடி மாற்றுவதைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பக்கம் நிறைய வாக்கியங்கள் இருந்தன. மேல் பெட்டியில் கொம்பில்லாத சொல், கீழ்ப் பெட்டியில் கொம்புள்ள சொல், கடைசியில் எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தான். அதை அழுத்தியதும் பக்கம் முழுவதும் ஒரே நொடியில் கொம்பு முளைத்தது. நான் அதுவரை செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். மாமா பழையபடி ஆக்கிவிட்டு, மறுபடி செய் என்றார். செய்தேன். வெள்ளிக்கிழமை மாலையும் அதே. இரண்டாம் நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார், நான் ஒன்றுமே கேட்காமல் முதலிலிருந்து கடைசிவரை செய்து முடித்தேன். என் தலையில் கை வைத்தார்.  

“நாளைக்கு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க மேடம் முன்னாடி செஞ்சு காட்டணும். மாமாவோட லேப்டாப்ல யாரு பண்ணதுன்னு கேட்டா, நான்தான் பண்ணேன்னு சொல்லு. சரியா?”

சரி என்றேன். நான்தானே செய்தேன். மாமா என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் கவனமாக இருந்தார். குழந்தை வாயில் பொய் வரக் கூடாது என்பதற்காகவே இரண்டு மாலைகள் செலவழித்து, நான் சொல்லப்போவதை முதலில் உண்மையாக்கி வைத்தார். லேப்டாப்பை வீட்டில் திறந்து வைத்திருந்தபோது அக்கா மகள் விளையாட்டாகச் செய்துவிட்டாள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார். ஒன்பது வயதுக் குழந்தை அந்தக் கொம்பை எப்படிப் போடும் என்று அவருடைய மேலதிகாரியான மேடம் கேட்டதற்கு, வேண்டுமானால் அழைத்து வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். சொன்னது புதன்கிழமை.

சனிக்கிழமை காலை ஈஸ்டருக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டேன். மாமா ஆபீஸைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறார் என்று நினைத்து அம்மாவே எனக்கு ரிப்பன் கட்டிவிட்டார். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போனேன். டின் ஃபேக்டரி சந்திப்பின் அருகே வண்டிகள் அசையாமல் நின்றன. அந்த நேரமெல்லாம் பூஜ்யம், இரண்டு, மூன்று, மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். 

ஆபீஸ் கண்ணாடியால் ஆனது. சுவர் கண்ணாடி, கதவு கண்ணாடி, மேடத்தின் அறையும் கண்ணாடி. மேடம் அம்மா வயதுக்காரர், காட்டன் புடவை கட்டியிருந்தார். கன்னடக்காரர். என்னிடம் பேசியதெல்லாம் நல்ல தமிழ்தான், நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும். என்னைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்து, நாற்காலியை உயர்த்தியும் விட்டார்.

“எங்க, செஞ்சு காட்டு மகளே.”

ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண்களைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன். திரை சும்மா இருந்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பைப் போல வெளுத்திருந்தது. அப்புறம்தான் நான் மேல் வரிசையில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. வலது பக்கத்துக்குப் போனேன். கொம்பு வைத்த ஈ வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி, எல்லாவற்றையும் மாற்று. மேடம் திறந்து வைத்திருந்த பக்கம் முழுவதும் கொம்பு முளைத்தது.

“ஹௌதா! தும்பா ஜாணே நீ” என்று மேடம் சிரித்தார். ரொம்பக் கெட்டிக்காரி என்பதை எங்கள் கன்னட மிஸ்ஸும் அப்படித்தான் சொல்வார். “மாமா லேப்டாப்லயும் நீதான் இத பண்ணியா?”

“ஆமா மேடம். நான்தான் பண்ணேன். முழுசும் நானே.”

மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“மாமா.”

“எப்போ கத்துக்கிட்ட?”

“முந்தாநேத்தும் நேத்தும். நேத்துத்தான் நல்லா வந்துச்சு.”

மேடத்தின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. முகத்தில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. மாமா பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. என் ரிப்பனைச் சரிசெய்துவிட்டு, வெளியே மெஷினில் சாக்லேட் பால் வரும், போய்க் குடி என்று ஒரு பையனைக் கூப்பிட்டு அனுப்பிவைத்தார்.

பால் சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேடம் உட்கார்ந்திருந்தார், மாமா நின்றுகொண்டிருந்தார். மேடம் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.  பிறகு மாமா தன் கழுத்திலிருந்து நீல நாடாவைக் கழற்றி, அட்டையை மேசைமேல் வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளியில் லீடர் ஆனவர்களிடம் பழைய பேட்ஜை வாங்கிக்கொண்டு பெரிய பேட்ஜ் கொடுப்பார்கள். மாமாவுக்கும் பெரிய அட்டை கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

திரும்பும் வழியில் எனக்குக் கோன் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை. “வெயில் ஏறுது, தலைல துணி போட்டுக்கோ” என்று ஒருமுறை சொன்னார். 

அந்தக் கண்ணாடி அறையில் மேடம் என்ன சொன்னார் என்பதை, நான் முதல் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் மாமாவே எனக்குச் சொன்னார். பொத்தான்களையும் வாக்கியங்களையும் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள்ளேயே சரிசெய்துவிட்டார்களாம். மருத்துவமனையிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர்களும் ஏற்றுக்கொண்டாயிற்று. அந்தத் தவறுக்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டேன், கவனமாக இரு என்று சொல்லி விட்டிருப்பேன், ஆனால் ஒரு குழந்தையைத் தயார் செய்து என் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தவரோடு இனி நான் வேலை செய்ய முடியாது என்றாராம். மாமா இதை என்னிடம் சொன்னபோது யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். வேலை போன அடுத்த வாரம் விவேக் நகருக்குத் தானே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னார். பெண்ணின் அப்பா கல்யாணப் பேச்சை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பெண் நிறுத்தவில்லை. கல்யாணம் மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்குள் மாமா சிவாஜி நகரில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் சேர்ந்திருந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நால்வரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணாடிச் சுவர், உயரும் நாற்காலி, முதலில் வராமல் போனது, பிறகு வந்தது, மேடம் கேட்ட கேள்விகள், நான் சொன்ன பதில்கள், எதையும் விடவில்லை. மாமாவுக்குப் பெரிய அட்டை வரப்போகிறது என்பதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது அம்மாவின் கை தட்டில் நின்றுபோனது. எத்தனையோ மாணவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் அவர். மாமாவின் டென்ஷன் தொடங்கிய நாளையும் நான் கற்றுக்கொண்ட நாளையும் அவர் கூட்டிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“புள்ளய வெச்சாடா?” என்றார். குரல் உயரவே இல்லை.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவ மேல ஒண்ணும் தப்பில்லக்கா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியல, அவ்ளோதான்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நன்றாகச் செய்துகாட்டிய பிறகும் எனக்குத் தெரியாதது ஒன்று பாக்கி இருக்கிறதாம். அதையும் மாமா எல்லோர் முன்னாலும் சொல்கிறார்.

“சொல்லிக் குடுங்க மாமா. ரெண்டே நாள்ல கத்துக்கறேன்” என்றேன்.

அப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் தட்டில் இன்னும் குழம்பு ஊற்றியிருக்கவில்லை. வெறும் சோற்றை எதற்கு இவ்வளவு நேரம் பிசைகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.